கப்பல் டிக்கெட்டை எப்போது போடுவது: பூவிலா, காயிலா, மண்டியிலா?

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் எங்கள் மாந்தோப்புக்கு அடுத்த தோப்பு மாமாவுடையது. போன மாதம் மருந்து அடிக்க வரவேண்டிய ஆளுக்காக இருவரும் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று கேட்டார்: "ஏம்ப்பா, அந்தக் கப்பல்ல நாலு நாள் போறாங்களே, அதுக்கு எப்ப டிக்கெட் போட்டா சல்லிசா கெடைக்கும்?" க்ரூஸ் என்னும் உல்லாசக் கப்பல் பயணத்தைத்தான் சொல்கிறார். நான் ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்தவன் என்பதால் நம்மிடம் கேட்டால் தெரியும் என்று நினைத்திருக்கிறார். அதே வாரத்தில் தர்மபுரியிலிருந்து தினமும் வந்து போகும் அலுவலக அக்கா ஒருவரும் இதையே கேட்டார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், மே மாதம் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏற ஆசை. அப்புறம் ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும், புதிதாகக் கல்யாணமான தம்பி. அவனுக்கு ஒரு நண்பன் சொல்லியிருக்கிறான்: "கடைசி வாரத்தில் போடு, பாதி விலை."

கேள்வி ஒன்றுதான். மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் மூன்று. ஏன் அப்படி என்று விளக்கமாக எழுதிவிட்டால் அடுத்து கேட்பவருக்கு இதைக் கொடுத்துவிடலாம்.

நமக்குத் தண்ணீர்ப் பயணம் என்றால் ஒகேனக்கல் பரிசல்தான். அங்கே கட்டணம் ஒன்று; இன்றைக்கு ஒரு விலை நாளைக்கு ஒரு விலை என்ற பேச்சில்லை. கப்பல் அப்படி இல்லை. ஒரே அறை, ஒரே தேதி, ஆனால் பக்கத்து அறைக்காரர் கொடுத்த விலை வேறாக இருக்கும்.

விலை ஏன் ஆடுகிறது

பலரும் கப்பல் அறையை ராயக்கோட்டைச் சந்தைத் தக்காளி மாதிரி நினைக்கிறார்கள். சாயங்காலம் வரை விற்காத கூடையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத்தானே போக வேண்டும்? கப்பலும் கிளம்பிவிட்டால் காலி அறைக்கு மதிப்பு பூஜ்யம். அந்த அறையில் ஆள் இருந்தால் பானம், சூதாட்ட அரங்கு, வைஃபை, கரையில் சுற்றிக் காட்டும் பயணம் என்று உள்ளே செலவு செய்வார். எனவே எப்படியாவது நிரப்பத்தான் பார்ப்பார்கள். இதுவரை சரி.

ஆனால் தக்காளி வியாபாரிக்கு நாளைக்கு எவ்வளவு வரத்து என்று தெரியாது. கப்பல்காரருக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம் முன்பே தெரியும்: எத்தனை அறை, எந்தத் தேதி, போன வருடம் இதே வாரம் எவ்வளவு விற்றது. கடைசி வாரத்தில் விலையை உடைத்தால் ஜனங்கள் அடுத்த முறையும் காத்திருக்கப் பழகிவிடுவார்கள் என்பதும் தெரியும். அதனால் பெரிய நிறுவனங்கள் முன்பே வருபவருக்குக் குறைவாகக் கொடுத்து, அறைகள் தீரத் தீர விலையை ஏற்றிக்கொண்டே போகத்தான் விரும்புகின்றன. கொரோனாவுக்குப் பின் பெரிய கப்பல்கள் பல, அறைக்கு இருவர் என்ற கணக்கில் 100 சதவீதத்துக்கு மேல் நிறைந்து ஓடுகின்றன. மூன்றாவது, நான்காவது ஆட்களையும் சேர்ப்பதால் வரும் கணக்கு இது. மிச்சம் விழும் கூடைகள் குறைவு.

இது தக்காளியை விட மாந்தோப்பு குத்தகைக்குத்தான் நெருக்கம். பூ பார்த்து விலை பேசலாம், காய் பிடித்த பிறகு பேசலாம், அறுத்து மண்டிக்கு வந்த பிறகும் வாங்கலாம். பூவில் வாங்கினால் விலை குறைவு, காற்றும் மழையும் நம் பொறுப்பு. மண்டியில் கண்ணால் பார்த்து வாங்கலாம், ஆனால் வந்திருப்பதில்தான் பொறுக்க வேண்டும். இனி இந்த மூன்று பெயரிலேயே சொல்கிறேன்.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

விலையை ஒப்பிடும் முன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை மொத்தம் எவ்வளவு? கப்பல் கட்டணம் அதில் ஒரு பங்குதான். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையமே கிடையாது, ஜோலார்பேட்டைக்குப் போக வேண்டும். தர்மபுரிக்காரர் சென்னை ரயிலுக்கு மொரப்பூர் போவார். விமானம் என்றால் பெங்களூரு ஊரைக் குறுக்கே தாண்டி தேவனஹள்ளி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு எழுதிய அறிவுரை நமக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான்.

இரண்டு, ஓர் அறையில் எத்தனை பேர்? மூன்று, லீவு தேதியை நகர்த்த முடியுமா? நான்கு, எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் தயாரா? ஐந்து, போக முடியாமல் போனால் எவ்வளவு போகும்?

விளம்பரத்தில் போடும் விலை பெரும்பாலும் "இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு" என்ற விலை. துறைமுகக் கட்டணமும் வரியும் பல விளம்பரங்களில் அதில் இருக்காது. சர்வதேசக் கப்பல்களில் ஊழியருக்கான அன்பளிப்பு என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தனியாகப் பிடிப்பார்கள். சில நிறுவனங்களில் அது 16 முதல் 20 டாலர் வரை போகும், குழந்தைக்கும் சேர்த்து. தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் இருவருக்கான கட்டணத்தையே கட்ட வேண்டியிருக்கும். கார்டில் வெளிநாட்டுப் பணமாகக் கட்டினால் வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், அதற்கு ஜிஎஸ்டி தனி. வெளிநாட்டுப் பேக்கேஜாக ஏஜென்டிடம் வாங்கினால் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறி வந்திருக்கிறது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். எந்த மாதத்தில் டிக்கெட் போட்டாலும் இவை உண்டு. ஆகவே இருபது சதவீதம் தள்ளுபடி என்றால் மொத்தச் செலவில் அது எட்டோ பத்தோதான்.

பூவில் வாங்குவது: எட்டு மாதம் முதல் ஒரு வருடம் முன்பு

அட்டவணை வெளியான புதிதில் எல்லா வகை அறையும் இருக்கும்: ஜன்னல் இல்லாத உள் அறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனி அறை. விலையும் பொதுவாகக் கீழ்ப்படியில் இருக்கும். குடும்பத்தோடு போகிறவருக்கு இதில் இருக்கும் பெரிய லாபம் விலை கூட இல்லை, அறைதான். மூன்று பேர், நான்கு பேர் தங்கும் அறைகள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பதால் குடும்பங்கள் முதலில் அவற்றைத்தான் எடுக்கும். அவை தீர்ந்தால் இரண்டு அறை எடுக்க வேண்டும். தள்ளுபடி எல்லாம் அதிலேயே கரைந்துவிடும். இன்னொரு விஷயம்: உயிர்காப்புப் படகில் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. அதனால் அறையில் கட்டில் இருந்தும் "மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது" என்று சொல்வதும் நடக்கும்.

முன்பணம் இரண்டு வகை. திரும்பக் கிடைக்கும் முன்பணம் என்றால் கட்டணம் சற்றுக் கூடுதல், கிடைக்காத முன்பணம் என்றால் குறைவு. பத்து மாதத்தில் வீட்டில் என்னவெல்லாமோ நடக்கும்: கல்யாணம், காது குத்து, கிரஹப்பிரவேசம், அவசரம். முதல் முறை போகிறவர் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது திரும்பக் கிடைக்கும் வகையை எடுப்பதே நல்லது.

முன்பே போட்டு, பிறகு விலை இறங்கினால்? மீதிப் பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன் இறங்கினால் சில நிறுவனங்கள் புதிய விலைக்கு மாற்றிக் கொடுக்கும். தானாக மாறாது. நாம்தான் பார்த்துக் கேட்க வேண்டும். ஏஜென்ட் மூலம் போட்டிருந்தால், "விலை இறங்கினால் மாற்றித் தருவீர்களா, அதற்குக் கட்டணம் உண்டா?" என்று பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் பற்றி ஒரு சொந்த அனுபவம். முதல் பயணத்துக்கு ஒருவரிடம் சீட்டுப் பணத்தை எடுத்து முழுத்தொகையாகக் கட்டினேன். ரசீது கொடுத்தார். கப்பல் நிறுவனத்தின் பதிவு எண் கேட்டபோதெல்லாம் "வந்துரும் சார்" என்றார். கடைசியில் பார்த்தால் அவர் எங்கள் பெயரில் அறையே போடவில்லை. விலை இறங்கும் என்று காத்திருந்திருக்கிறார். இறங்கவில்லை, ஏறிவிட்டது. நாலு மாதச் சண்டைக்குப் பின் கூடுதல் தொகையில் பாதியை நான்தான் கட்டினேன். பூவில் வாங்கும் விலையை நான் கொடுத்தேன், மண்டியில் வாங்கப் பார்த்தார் அவர். இப்போதெல்லாம் முன்பணம் கட்டிய அன்றே பதிவு எண் வாங்கி, நிறுவனத்தின் தளத்தில் நானே போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான சலுகைக் காலம்

இதைத் தனி வழி என்று சொல்ல முடியாது. பூவில் வாங்குகிறவருக்கு ஒரு நல்ல நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் வருடத் தொடக்கத்தில்தான் ஜனங்கள் விடுமுறைத் திட்டம் போடுவார்கள். நிறுவனங்கள் அப்போது சலுகைகளை அள்ளி வீசும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களிலும் அந்த விளம்பரங்களைப் பார்க்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். "இரண்டாமவருக்குப் பாதி விலை" என்றால் அறைக்குக் கிடைப்பது 25 சதவீதம்தான். கப்பலுக்குள் செலவழிக்க இத்தனை டாலர் என்று கொடுப்பதும், உள்ளே எதையும் வாங்காத நம்மவருக்கு அரைப் பயன்தான். டிசம்பரில் விலையைக் குறித்து வைக்காதவருக்கு ஜனவரிச் சலுகை நிஜமா இல்லையா என்றே தெரியாது.

காயில் வாங்குவது: மூன்று நான்கு மாதம் முன்பு

இந்த இடம்தான் பலருக்குத் தெரியாதது, எனக்கு மிகவும் சுவாரசியமானதும் இதுதான்.

பெரும்பாலான சர்வதேசக் கப்பல்களில் மீதிப் பணம் கட்டும் கடைசித் தேதி, கிளம்பும் நாளுக்குச் சுமார் 75 முதல் 120 நாள் முன்பு வரும். குறுகிய பயணங்களுக்குக் கிளம்பும் நாளுக்கு இன்னும் நெருக்கமாக வரலாம். அந்தத் தேதியில் இரண்டு விஷயம் நடக்கும். முன்பணம் மட்டும் போட்டுவிட்டு மனம் மாறியவர்கள் விலகுவார்கள். மொத்தமாக அறைகளைப் பிடித்து வைத்திருந்த ஏஜென்டுகள், விற்காததைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரே வாரத்தில் காலி அறைகள் திரும்பி வரும். சில பயணங்களில் விலை இறங்குவது இந்த வாரத்தில்தான்.

இதைச் சோதிக்க ஒரு வேலை செய்தேன். மாங்காய்க் கணக்கு எழுதும் நீளநோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒரு சிங்கப்பூர்ப் பயணத்தின் பால்கனி அறை விலையை ஞாயிறுதோறும் எழுதி வந்தேன். இடப்பக்கம் டன் கணக்கு, வலப்பக்கம் டாலர் கணக்கு. பதினொரு வாரம் எண் அசையவே இல்லை. பன்னிரண்டாம் வாரம் ஏறியது, அடுத்த வாரமும் ஏறியது. மீதிப் பணம் கட்டும் தேதிக்கு அடுத்த ஞாயிறு, முதலில் நான் எழுதிய விலைக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. சந்தோஷமாக உள்ளே போய்ப் பயணிகள் எண்ணிக்கையை நான்கு என்று மாற்றினேன். "இந்த வகையில் அறை இல்லை" என்று வந்தது. இரண்டு என்று போட்டால் இருந்தது. இறங்கிய விலை, ஜோடிகளுக்கான விலை.

ஒரு பயணத்தை வைத்து விதி எழுத முடியாது. இருந்தாலும் இரண்டு பேராகப் போகிறவர்கள், லீவு எடுப்பதில் சிரமம் இல்லாதவர்கள், பாஸ்போர்ட் தயாராக இருப்பவர்கள் இந்த வாரத்தைக் குறிவைக்கலாம். விமான டிக்கெட்டும் இன்னும் கைக்கெட்டும் விலையில் இருக்கும், விசாவுக்கும் நேரம் இருக்கும். மோசமான பகுதி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது ஆறாவது மாதம்: அட்டவணை வந்த புதிதில் இருந்த விலையும் போயிருக்கும், திரும்பி வரும் அறைகளும் இன்னும் வந்திருக்காது.

மறைந்திருக்கும் செலவு இங்கே வேறு விதம். கடைசித் தேதிக்குப் பிறகு போடுகிறவர் முழுப் பணத்தையும் உடனே கட்ட வேண்டும். ரத்து செய்தால் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும், கடைசியில் எதுவுமே திரும்பாது. பயணக் காப்பீட்டை அன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது.

மண்டியில் வாங்குவது: கடைசி இரண்டு மூன்று வாரம்

ஓசூர்த் தம்பியின் நண்பன் சொன்னது முழுப் பொய் இல்லை. காலி அறை இருந்தால் இப்போது குறைவாகக் கிடைக்கும். ஆனால் எந்த அறை என்று நாம் சொல்ல முடியாது. கேரண்டி கேபின் என்று ஒன்று உண்டு: வகை மட்டும் உறுதி, எண் அவர்கள் விருப்பம். ஒரு முறை அதை எடுத்தேன். எங்களுக்குக் கிடைத்த அறைக்கு நேர் மேலே நடன அரங்கு. இரவு ஒரு மணி வரை தம் தம் என்று கூரை அதிரும், அப்புறம் நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம். மிச்சம் பிடித்த பணத்தை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

சிங்கப்பூருக்கு இந்த வழி எப்படி வரும் என்று நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு கணக்கு. எண்கள் எல்லாம் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, சந்தை விலை அல்ல. முன்பே போட்டால் கப்பல் 1,20,000, விமானம் ஆளுக்கு 24,000 வீதம் 96,000, விசா வகைக்கு 16,000, முதல் நாள் ஓட்டல் 14,000, தேவனஹள்ளி போக வர வண்டி 9,000. மொத்தம் 2,55,000. கடைசி நேரத்தில் கப்பல் கால்வாசி குறைந்து 90,000 என்று வையுங்கள். விமானம் ஆளுக்கு 36,000 ஆகி 1,44,000, அவசர விசா ஏற்பாடு 20,000, ஓட்டல் 18,000, வண்டி அதே 9,000. மொத்தம் 2,81,000. கப்பலில் 30,000 மிச்சம், மற்றதில் 56,000 கூடுதல். நான்கு பேர் அறை கிடைக்காமல் இரண்டு அறை எடுக்க நேர்ந்தால் இந்தக் கணக்கையும் போட வேண்டாம்.

அப்புறம் காகிதம். சிங்கப்பூருக்கு இந்தியருக்கு விசா வேண்டும், பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். கப்பல் மலேசியா, தாய்லாந்து போய்த் திரும்பி வருவதால் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறோம் என்பதையும் விசா எடுக்கும்போது சொல்ல வேண்டும். என் மச்சானுக்கு இரண்டு வாரம் முன்பு அருமையான விலை கிடைத்தது. எல்லாம் தயார், மகளின் பாஸ்போர்ட்டைத் தவிர. பெரியவர்களுக்குப் பத்து வருடம், சிறுவர்களுக்கு ஐந்து வருடம்தான் என்பது அவர் ஞாபகத்தில் இல்லை. முடிய நான்கு மாதம்தான் இருந்தது. அந்த அறை யாருக்கோ போயிற்று.

இந்த வழி யாருக்குச் சரி? துறைமுகத்துக்கு பஸ்ஸில் போகிறவருக்கு. அதாவது நமக்குச் சென்னையிலிருந்து கிளம்பும் கப்பல் மட்டும்.

மூன்றையும் பக்கம் பக்கமாக

| பார்க்க வேண்டியது | பூவில் (8–12 மாதம்) | காயில் (3–4 மாதம்) | மண்டியில் (2–3 வாரம்) |
|---|---|---|---|
| கப்பல் கட்டணம் | குறைவு, ஓரளவு நிச்சயம் | இறங்கலாம், ஏறவும் செய்யலாம் | காலி இருந்தால் மிகக் குறைவு |
| நான்கு பேர் அறை | கிடைக்கும் | அதிர்ஷ்டம் | அரிது |
| விமானம், விசா | நிதானமாகப் பார்க்கலாம் | சமாளிக்கலாம் | மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும் |
| ரத்து செய்தால் | முன்பணம் மட்டும், வகையைப் பொறுத்து | பெரும்பகுதி போகும் | எல்லாம் போகும் |
| பணம் முடங்கும் காலம் | நீளம், ஆனால் சிறிய தொகை | குறைவு, முழுத் தொகை | இல்லை |
| பொருந்துகிறவர் | பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் | ஜோடி, லீவு பிரச்சினை இல்லாதவர் | சென்னையில் ஏறும் ஓய்வுபெற்றவர் |

எந்த மாதம் போவது என்பது இன்னும் பெரிய கேள்வி

எப்போது டிக்கெட் போடுகிறோம் என்பதை விட எப்போது கப்பல் ஏறுகிறோம் என்பதில்தான் அதிக வித்தியாசம் வருகிறது.

சிங்கப்பூர்க் கப்பல்களுக்கு இந்தியர்கள் பெரிய கூட்டம். ஏப்ரல், மே நம் பிள்ளைகளின் விடுமுறை, விலை ஏறும். ஜூனில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நான்கு வாரம் விடுமுறை, அப்போதும் இறங்காது. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய மறுபடியும் அவர்கள் விடுமுறை, நம் தீபாவளியும் கிறிஸ்துமஸும் பக்கத்தில். சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ. இவற்றைத் தள்ளினால் மிஞ்சும் நல்ல காலம்: சீனப் புத்தாண்டு தவிர்த்த பிப்ரவரி, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நான் சொல்வது செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் செப்டம்பர் விடுமுறை ஒரே வாரம், அது மாதத் தொடக்கத்தில் முடிந்துவிடும். சீனாவின் ஒரு வார விடுமுறை அக்டோபர் 1-இல் தொடங்கும். இடையில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. தர்மபுரி அக்காவிடம் மே மாதத்தை விட்டுவிட்டு இந்தச் சந்தில் பாருங்கள், ஜனவரியிலேயே முன்பணம் போடுங்கள் என்றேன். மாமியார் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கிழமையும் உண்டு. வெள்ளிக்கிழமை கிளம்பி வார இறுதியை அடைக்கும் பயணத்தை விட, ஞாயிறோ திங்களோ கிளம்பி வியாழனுக்குள் முடிவது பொதுவாக மலிவு.

சென்னைக் கப்பலுக்குக் கணக்கே வேறு

கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து முதல் முறை கிளம்பியது. 1990-இல் கட்டப்பட்ட, அளவில் நடுத்தரமான கப்பல். சிங்கப்பூரில் நிற்கும் ராட்சதக் கப்பல்களோடு ஒப்பிட வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் மும்பைப் பக்கக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இந்தப் பக்கம் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். விசாகப்பட்டினம், புதுச்சேரி, இலங்கைத் துறைமுகங்கள் என்று வழி ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. இலங்கைக்கு 2023 ஜூனில் தொடங்கியது.

நமக்கு இதில் வசதி நிறைய. இரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் சென்னை. உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் போதும், பாஸ்போர்ட் தேவை இல்லை (இலங்கைக்கு வேண்டும்). விமானக் கட்டணம் என்ற பூதம் இல்லாததால் கடைசி நேரத் தள்ளுபடி முழுதாக நம் பையில் நிற்கும். அதோடு இது ஓடும் காலத்தில் பள்ளிகள் திறந்திருக்கும், வார நாட்களில் குடும்பக் கூட்டம் குறையும். மாங்காய் சீசனும் ஜூலையோடு ஓய்ந்துவிடும், தோப்புக்காரருக்குக் கையில் பணமும் நேரமும் இருக்கும் மாதம் ஆடிதான்.

ஒரு எச்சரிக்கை. முதல் ஆண்டில் புதுச்சேரியில் இறங்க அனுமதி கிடைக்காமல், பயணிகள் ஊரைக் கடலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு துறைமுகம் விட்டுப்போனால் பொதுவாகத் திரும்புவது அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டும். எந்தக் கப்பல் என்றாலும் ஒப்பந்தத்தில் இப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஊர் பார்ப்பதற்காகக் கப்பலில் போகாதீர்கள், கப்பலுக்காகப் போங்கள். அக்டோபருக்குப் பின் வங்கக் கடலில் புயல் காலம். அப்போது ஏதாவது பயணம் மலிவாக வந்தால் ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

மூன்று பேரும் என்ன செய்தார்கள்

ஓசூர்த் தம்பி ஜோடியாகப் போகிறவன், ஷிப்டு மாற்றிக்கொள்ளலாம். இருவருக்கும் பாஸ்போர்ட் உண்டு. பிப்ரவரிப் பயணம் ஒன்றைப் பார்த்துவைத்து, நவம்பரில் மீதிப் பணத் தேதிக்கு அடுத்த வாரம் போடச் சொன்னேன். அவனும் ஒரு நோட்டு வைத்து எழுதுகிறான். அவன் நோட்டு போனில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமாவிடம் சென்னைக் கப்பலுக்குக் கடைசி நேரம் வரை காத்திருக்கலாம் என்றேன். அவருக்குக் காத்திருக்கப் பிடிக்கவில்லை. "பூவுல வாங்கிப் பழக்கப்பட்டவன்ப்பா நான்" என்று சொல்லி இரண்டு பேருக்கு ஜன்னல் அறையாக முன்பணம் கட்டிவிட்டார். வழி இலங்கை. பதிவு எண்ணை வாங்கி நானே சரிபார்த்தேன், பெயர்கள் வந்திருந்தன. அத்தையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது, டிக்கெட்டில் ஆதாரில் உள்ளபடி ஓர் எழுத்து இனிஷியல் மட்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த வாரம் அதைத் திருத்தச் சொல்லித்தான் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருக்கிறோம்.